கார் வழிகாட்டிக் கருவி: கேட்டு வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காரில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியை வாங்க வருகிறவர்களில் பலர் திரையின் அளவையும் விலையையும் விசாரிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, வரைபடம் கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கிறதா அல்லது இணையம் வழியாக அவ்வப்போது வந்து சேர்கிறதா என்பதைத்தான். செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற இணையம் தேவையில்லை. ஆனால், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் கைபேசித் தொடர்பு அறுந்துபோனால், வரைபடம் சேமிக்கப்படாத கருவியில் வெற்றுத் திரையின் மேல் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவைப்படுவதால், அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமன்றி, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்புகளின் சமிக்ஞைகளையும் ஏற்கும் கருவியே மலைச்சரிவிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் நன்றாக உழைக்கும். நமது இஸ்ரோவின் நாவிக்கும் இருந்தால் மகிழ்ச்சியே. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வரைபடப் புதுப்பிப்பு இலவசமா, ஆண்டுதோறும் கட்டணமா என்பதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வது அரிது. மெட்ரோ பணிகளுக்காகப் போக்குவரத்து அடிக்கடி மாற்றிவிடப்படும் சென்னையில் பழைய வரைபடம் ஓட்டுநரை ஒருவழிப்பாதைக்குள் எதிர்த்திசையில் அனுப்பிவிடக்கூடும். ஆகவே, புதுப்பிப்புக் காலத்தையும் கட்டணத்தையும் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட விற்பனையாளர்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாமக்கல்.