உங்கள் நம்பிக்கைக்கும் உங்கள் நம்பிக்கைகளுக்கும்

சமய நல்லிணக்கக் கலந்துரையாடல்களுக்குத் தமிழில் கேள்வி அட்டை தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் என் கைக்கு வந்த அட்டையில் இப்படி இருந்தது: "உங்கள் நம்பிக்கைக்கும் உங்கள் நம்பிக்கைகளுக்கும் என்ன தொடர்பு?" மேசையிலிருந்த ஆறு பேரும் சிரித்துவிட்டோம். ஆங்கில அட்டையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. முதலாவது ஃபெய்த் (faith), இரண்டாவது பிலீஃப் (belief).

அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் நம்பிக்கைதான் கிடைக்கும். சரி, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லுக்கு வாருங்கள். "மழை வரும் என்று நம்புகிறேன்" என்றால் அது பிலீஃப். வெயில் அடித்தால் மாற்றிக்கொள்வேன். "முருகனை நம்பி இருக்கிறேன்" என்பது ஃபெய்த். தைப்பூசத்தன்று இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி சுமந்து நடப்பவரிடம், "முருகன் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அவர் முருகனை நம்புகிறார், அவ்வளவுதான். "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பியம். அதாவது, அன்றைக்கு நம்புதல் என்றால் விரும்புதல். அந்த வாசனை 'முருகனை' என்பதிலுள்ள 'ஐ' உருபில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தமிழ் பைபிளில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும் அதே இடம், பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இருக்கிறது. ஆக, எங்கள் மேசையில் பழைய பைபிளை வாசிக்கும் ஒரு புரொட்டஸ்டன்ட் அக்காவுக்கு நம்பிக்கை என்பது வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. பக்கத்தில், பொது மொழிபெயர்ப்பை வாசிக்கும் கத்தோலிக்க அண்ணனுக்கு அதுவே இறைப்பற்று. எதிரே இருந்த முஸ்லிம் நண்பர், இறைநம்பிக்கையைக் குறிக்கும் அரபுச் சொல்லால், ஈமான் என்றார். விசுவாசம் என்று பொதுவாகப் போடலாம் என்று நினைக்காதீர்கள், என் பாட்டிக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் நாய்தான் நினைவுக்கு வரும்.

அடுத்த முறை அந்த ஒரே கேள்வியை இரண்டாக்குங்கள்: "எதையெல்லாம் உண்மை என்று நினைக்கிறீர்கள்?" "யாரை, எதை நம்பி வாழ்கிறீர்கள்?" இரண்டாவதன் கீழே ஒரு கோடு விடுங்கள்; பக்தியோ விசுவாசமோ ஈமானோ, அவரவர் சொல்லை அவரவர் எழுதிக்கொள்ளட்டும். எங்கள் மேசையில் கடவுள் மறுப்பாளர் ஒருவரும் இருந்தார். பழைய அட்டையை அவர் வெறுமையாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அன்புடன்,
அந்த மேசையிலிருந்த ஒருவர்