தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் கார்: தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் ஷோரூம்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு 150 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் ஆண்டுக்கு 250 நாள் வேலைக்குப் போனால் கணக்கு 37,500 கி.மீ. ஆகிறது. ஐந்தாண்டில் இரண்டு லட்சத்தை நெருங்கிவிடுவார். இப்படிப்பட்டவர் உங்கள் ஷோரூமுக்கு வந்தால் கையில் கிடைக்கும் தாளில் திரை எத்தனை அங்குலம், ஸ்பீக்கர் எத்தனை, இருக்கை என்ன நிறம் என்பதெல்லாம் இருக்கிறது. அவருக்குத் தேவைப்படும் ஏழெட்டு விவரங்கள் மட்டும் இல்லை. கார்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்கள் என்ற முறையில், அவை எவை, ஏன் வேண்டும் என்பதை எழுதுகிறோம். இவை எல்லாமே உங்களிடம் ஏற்கெனவே இருப்பவைதான்.

முதலில் மைலேஜ். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள, கார் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 30 நிமிடம், 23.25 கி.மீ. ஓடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. ஏசி அணைத்திருக்கும். அதில் நான்கு கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டம் மட்டும்தான் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வருகிறது, உச்சத்தில் 131 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. நான்கு கட்டங்களையும் தனித்தனியாக அளக்கிறீர்கள். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது நான்கையும் கூட்டிய ஓர் எண். ஊருக்குள் நின்று நின்று ஓடுபவருக்கும் அது பொருந்தாது, மணிக்கு 100 கி.மீ.யில் சீராக ஓடுபவருக்கும் பொருந்தாது.

100-இல் சீராக ஓடும் காரை எது தடுக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1,300 கிலோ எடை, காற்றுத்தடை எண் 0.29, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர் கொண்ட நடுத்தர செடானை எடுத்துக்கொள்வோம். டயர் உருள்வதில் வரும் தடை சுமார் 130 நியூட்டன். வேகம் கூடினாலும் அது அதிகம் மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 80-இல் சுமார் 315 நியூட்டன், 100-இல் 420, 120-இல் 550. அதாவது 20 கி.மீ. வேகம் கூடும்போதெல்லாம், அதே தூரத்தைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். இனி உயரமான எஸ்.யூ.வி. ஒன்று: 1,500 கிலோ, காற்றுத்தடை எண் 0.36, பரப்பு 2.6 சதுர மீட்டர். 100-இல் அதற்குச் சுமார் 580 நியூட்டன் ஆகிறது. செடான் 120-இல் போகும்போது படும் தடையைவிட இது அதிகம். இரண்டுக்கும் ஒரே இன்ஜினைப் பொருத்தி விற்கிறீர்கள், வாங்குபவரும் இன்ஜின் ஒன்றுதானே, மைலேஜும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்.

ஆகவே முதல் கோரிக்கை: 80, 100, 120 ஆகிய மூன்று சீரான வேகங்களில், ஏசி ஓட, இருவர் உட்கார்ந்த எடையில் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று அச்சிடுங்கள். கூடவே காற்றுத்தடை எண்ணையும் முகப்புப் பரப்பையும் போடுங்கள். முதலாவதை மட்டும் போட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வழக்கம் உங்களிடம் உண்டு; பரப்பு தெரியாமல் அந்த எண்ணால் பயன் இல்லை. காரை நியூட்ரலில் உருளவிட்டுத் தடையை அளக்கும் சோதனையை ஒவ்வொரு மாடலுக்கும் செய்தே ஆக வேண்டும் என்பதால் இந்தத் தரவு உங்களிடம் இல்லாமல் இருக்க முடியாது. அந்தச் சோதனையில் வந்த பிசகால்தான் 2012-இல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் தங்கள் மைலேஜ் எண்களைக் குறைத்து அறிவிக்க நேர்ந்தது என்பதை நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்கள் உண்மையில் குடித்த எரிபொருளைத் தாங்களே பதிவு செய்கின்றன. அந்தப் பதிவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் சொன்னது: பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகக் குடிக்கின்றன, வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட்கள் சராசரியாக மூன்றரை மடங்கு.

எண்ணை எந்த அலகில் போடுவது என்பதும் சின்ன விஷயமல்ல. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று சொன்னால் 20-லிருந்து 25-க்குப் போவது பெரிய தாவலாகத் தெரிகிறது, 10-லிருந்து 12-க்குப் போவது அற்பமாகத் தெரிகிறது. 30,000 கி.மீ. ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் முன்னது மிச்சப்படுத்துவது 300 லிட்டர், பின்னது 500. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று பக்கத்திலேயே போட்டுவிட்டால் இந்த மயக்கம் தீரும்.

அடுத்தது, டாப் கியரில் 100-இல் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. ஒற்றை எண்தான், ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்குக் குதிரைத்திறனைவிட இதுதான் முக்கியம். பெட்ரோலில் 2,000 முதல் 2,300, டீசலில் 1,700 முதல் 1,900 என்றால் நல்ல கியர் அமைப்பு. 3,000-ஐத் தாண்டினால் சத்தமும் எரிபொருளும் தேய்மானமும் சேர்ந்தே ஏறும். குறுகிய கியர் விகிதம் கொண்ட சிறிய கார்கள் ஊருக்குள் துள்ளி ஓடும், நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்ளும்.

எந்த இன்ஜின் என்ற கேள்விக்கு ஷோரூமில் கிடைக்கும் பதில், கையிருப்பில் எது இருக்கிறதோ அது. உள்ளபடி சொல்லலாம். ஹைப்ரிட் ஊருக்குள் மிச்சப்படுத்துவது, பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மீட்பதால். நெடுஞ்சாலையில் பிரேக் மிதிப்பதே குறைவு. அங்கே பலன் தருவது, அதே எரிபொருளிலிருந்து கூடுதல் ஆற்றலைக் கறக்கும் அதன் அட்கின்சன் சுழற்சி இன்ஜின்தான். 2015-இல் வந்த பிரியஸின் இன்ஜினுக்கு 40 விழுக்காடு வெப்பத்திறன் என்று டொயோட்டா அறிவித்தது அதனால்தான் பொருட்படுத்தத் தக்கது. ஹைப்ரிட்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வேகம் கூடியதும் இன்ஜினை நேரே சக்கரத்தோடு பூட்டும் வகையும், கோள் கியர் வழியே ஆற்றலைப் பிரிக்கும் வகையும் தொலைதூரத்துக்கு ஒத்துவரும். இன்ஜின் மின்சாரம் மட்டும் தயாரிக்க, மோட்டார் மட்டுமே சக்கரத்தைச் சுற்றும் வகையில் ஆற்றல் இரண்டு முறை உருமாறி நெடுஞ்சாலையில் இழப்பு வரும். மூன்றுக்கும் பின்கதவில் ஒரே ‘ஹைப்ரிட்’ பட்டையை ஒட்டுகிறீர்கள். எந்த வகை என்று எழுதுங்கள்.

டீசலுக்கு இது தோதான ஓட்டம். புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை இடம் கொடுக்கிறது. கெடுப்பது தவறான ஆயில்: சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றாவிட்டால் வடிகட்டியில் சாம்பல் சேரும். கரி எரியும், சாம்பல் எரியாது. எந்த ஆயில் தரம் என்பதைக் கையேட்டின் நடுப்பக்கத்தில் புதைக்காமல் ஆயில் மூடியின் மேலேயே பொறியுங்கள். சிறிய டர்போ பெட்ரோலில் பார்க்க வேண்டியது வேறு: டாப் கியரில் குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது ஸ்பார்க் வருமுன்னே எரியத் தொடங்கி பிஸ்டன் உடையக்கூடும். இதைத் தடுக்கும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தர ஆயில் 2020-இலேயே வந்துவிட்டது. பழைய தரத்தை மலிவாக ஊற்றும் சர்வீஸ் நிலையங்களை நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும். டர்போ இல்லாத, பெட்ரோலை சிலிண்டருக்குள் நேரே தெளிக்காமல் காற்று நுழையும் வழியிலேயே தெளிக்கும் 1.5 அல்லது 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் இவ்வளவு தொல்லை தருவதில்லை. அதைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும் உங்கள் அவசரம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு மின்கார் மிக நல்ல தேர்வு, 120-இல் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நீங்கள் மறைக்காமல் சொன்னால்.

இனி நீடித்து உழைப்பது பற்றி. இன்ஜினில் டைமிங் பெல்ட்டா, செயினா, ஆயிலில் நனையும் பெல்ட்டா என்பது விற்பனைத் தாளில் இருக்கட்டும். உலர்ந்த பெல்ட் என்றால் எத்தனை கி.மீ.யில், எத்தனை ஆண்டில் மாற்றுவது, கூடவே வாட்டர் பம்பும் மாற்ற வேண்டுமா என்பதும். அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி சிலிண்டர் ஹெட் போய்விடும். 37,500 கி.மீ. ஓடுபவர் மூன்றாவது ஆண்டிலேயே 1 லட்சத்தைத் தாண்டுகிறார். ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பினால் இவர் ஏமாறுவார். ஆயிலில் ஓடும் பெல்ட்டில் இன்னொரு சிக்கல்: ஆயில் மாற்றத் தாமதித்தாலோ தரம் மாறினாலோ ரப்பர் ஊறி உதிர்ந்து, ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைக்கிறது. ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங்கும் டர்போவும் தேய்ந்துபோகும். பெல்ட் அறுவதற்கு முன்னாலேயே இன்ஜின் போய்விடும். செயின் கெடுமுன் எந்த எச்சரிக்கையும் தராது என்று சொல்வதும் முழு உண்மையல்ல: ஆயில் கெட்டால் செயின் இழுபட்டு நீளும், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது இரண்டொரு நொடி கலகலவென்று ஒலிக்கும்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ‘ஆயுள் முழுதும்’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். யாருடைய ஆயுள்? உங்களில் பலருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்திய காரின் கையேட்டில் மாற்றவே வேண்டாம் என்று இருப்பது எப்படி? தனித்தனி கியர் இல்லாமல் விகிதத்தைச் சீராக மாற்றும் பெல்ட் வகை சி.வி.டி. கியர்பாக்ஸில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே ஆயில்தான் உலோகப் பட்டைக்கும் புல்லிக்கும் இடையே பிடிமானத்தைத் தருகிறது. 60,000 கி.மீ.யில் மாற்றச் சொல்வது எங்கள் வழக்கம். ஹைப்ரிட்டின் இ-சி.வி.டி.யில் அந்தப் பட்டையே கிடையாது என்பதையும் விற்பனையாளருக்குச் சொல்லிக்கொடுங்கள், இரண்டையும் ஒன்றென நினைத்து வாங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேரியன்ட் விஷயத்தில் எங்களுக்குக் கோபமே உண்டு. உயர்ந்த வேரியன்டில் 18 அங்குலச் சக்கரமும் அகல டயரும் வைக்கிறீர்கள். அழகுதான், ஆனால் எடை, உருளும் தடை, காற்றுத்தடை மூன்றும் ஏறுகின்றன, டயர் சத்தமும் கூடுகிறது, பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளைகிறது. நெடுந்தூரம் ஓடுபவருக்கு 15 அல்லது 16 அங்குலமே போதும். அதை எடுக்கலாம் என்று கீழ் வேரியன்டுக்குப் போனால் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. அமெரிக்காவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐ.ஐ.ஹெச்.எஸ். அமைப்பு 2016-இல் 31 நடுத்தரக் கார்களின் ஹெட்லைட்டைச் சோதித்தபோது ‘நன்று’ என்ற மதிப்பெண் பெற்றது ஒன்றே ஒன்று, பிரியஸ் வி. அதிலும் எல்.ஈ.டி. விளக்கும் தானியங்கி ஹைபீமும் இருந்தால்தான். அதே கார் ஹாலஜன் விளக்கில் ‘மோசம்’ என்ற மதிப்பெண்தான் பெற்றது. விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறவர் சிறிய சக்கரத்தையும் நல்ல விளக்கையும் சேர்த்து வாங்க முடியாதபடி ஏன் கட்டிவைத்திருக்கிறீர்கள்? சக்கரம், விளக்கு இரண்டையும் தனித்தனித் தெரிவாக்குங்கள். ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் பசை பாட்டில் வைப்பதையும் இவர்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பசை எதற்கும் உதவாது.

ஸ்பீடோமீட்டரையும் மைலேஜ் காட்டும் திரையையும் பற்றி ஒரு வார்த்தை. ஐ.நா.வின் 39-ஆம் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 100-இல் போகும் கார் 114 என்று காட்டினாலும் சட்டப்படி குற்றமில்லை. திரையில் வரும் மைலேஜும் எரிபொருள் தெளிக்கும் ஊசி திறந்திருந்த நேரத்திலிருந்து போடும் கணக்குதான். டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்க்கில் அதே முதல் ‘கிளிக்’ வரை நிரப்பி, ஊற்றிய லிட்டரால் தூரத்தை வகுத்தால் வேறு எண் வரும். மூன்று நான்கு டேங்குக்குச் சராசரி எடுத்தால் நம்பலாம். திரை எத்தனை விழுக்காடு பிசகலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

கடைசிக் கோரிக்கை டெஸ்ட் டிரைவ். ஷோரூமைச் சுற்றி 3 கி.மீ. ஓட்டிப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. இவ்வளவு தூரம் ஓட்டப்போகிறவருக்கு ஒரு மணி நேரம் காரைக் கொடுங்கள், நெடுஞ்சாலையில். டயரில் கதவுச் சட்டத்தில் எழுதியுள்ள அளவு காற்று இருக்கட்டும். 100-இல் சுற்று எத்தனை என்று அவர் பார்க்கட்டும். 80-லிருந்து 110-க்கு ஏற்றி லாரியைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது, ஏற்றத்தில் கியர் மேலும் கீழுமாகத் தாவுகிறதா, 100 முதல் 120 வரை ஸ்டீயரிங் நடுங்குகிறதா, பக்கக் காற்றில் கார் அலைகிறதா என்று பார்க்கட்டும். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், டயர் சத்தமும் கண்ணாடியைச் சுற்றி வரும் காற்றின் சத்தமும் அப்போதுதான் கேட்கும். 40 நிமிடம் கழிந்த பின் இடுப்பின் கீழ்ப்பகுதிக்கு இருக்கை தாங்கல் தருகிறதா, வலது தொடைக்கு அடியில் இடைவெளி விழுகிறதா என்பது ஓட்டுபவருக்கே தெரிந்துவிடும். அந்த ஒரு மணி நேரமும் விற்பனையாளர் பின்னிருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் கார்களைப் பழுது பார்ப்பவர்கள்