காவல்துறைத் தலைமையகம் முதலில் ஃப்ரீமேசன் மண்டபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை முனையில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தை 'வெள்ளையர் காலத்தில் காவல்துறைக்காகக் கட்டப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கூடவே, சிமெண்ட் பூசி, மேல்தளத்தில் கான்கிரீட் போட்டு அதைக் காப்பாற்றலாம் என்று ஒரு யோசனையும் சொல்கிறது. முதலாவது தவறு. இரண்டாவது ஆபத்து.

அந்தக் கட்டடம் 1839-ல் எழுந்தது. கட்டியவர்கள் ஃப்ரீமேசன்கள், அதாவது தங்களுக்கெனத் தனிச் சடங்குகள் வைத்திருக்கும் ஒரு சகோதர அமைப்பினர்; அவர்களில் 'லாட்ஜ் ஆஃப் பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி' என்ற கிளையினர். சென்னையில் 1786-லிருந்து இயங்கிய கிளை அது. அன்று மெரினா கிடையாது. உலாவுசாலை போட்டது 1880-களில். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ்கூட மூன்று ஆண்டு இளையது. அந்த வரிசையில் சேப்பாக்கம் அரண்மனையைத் தவிர இதைவிட மூத்ததாகச் சொல்ல அதிகமில்லை.

காவல்துறை உள்ளே வந்தது 1865-ல், அதுவும் வாடகைக்கு. சென்னை மாகாணத்தின் முதல் போலீஸ் ஐ.ஜி. வில்லியம் ராபின்சன் மாதம் 90 ரூபாய்க்கு எடுத்தார். 1874-ல் அரசு 20,000 ரூபாய்க்கு வாங்கியது, அதாவது பதினெட்டரை ஆண்டு வாடகைக்குச் சமமான தொகைக்கு. 1909-ல் இன்னும் 10,000 ரூபாய் செலவிட்டு விரிவாக்கினார்கள். 1993-ல் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட அரசு முடிவெடுத்தபோது மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு எதிர்த்ததால் தப்பியது. எழும்பூரில் எத்திராஜ் சாலையில் இருக்கும் ஃப்ரீமேசன் மண்டபம் வேறு. அது 1920-களின் கட்டடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யார் கட்டினார்கள் என்பது வெறும் சரித்திரத் தகவல் இல்லை. பராமரிப்புக்கும் அது வேண்டும். ஃப்ரீமேசன் சடங்குக்கு நீள்சதுரமான, நடுவே தடையில்லாத ஒரு கூடம் தேவை. கிழக்கே தலைவர், மேற்கே மூத்த வார்டன், தெற்கே இளைய வார்டன் (வார்டன்கள் தலைவருக்கு அடுத்த பொறுப்பாளர்கள்) உட்காருவார்கள். வடக்கில் அப்படி ஓர் ஆசனம் கிடையாது. கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ஒருவர் காவல் நிற்பார். (பின்னாளில் போலீஸ் குடிவந்த இடத்துக்குப் பொருத்தம்தான்.) சடங்கு முடிந்தபின் விருந்துக்குத் தனியறை. இப்படிப்பட்ட கூடத்தை அலுவலகமாக மாற்றும்போது முதலில் நடப்பது தடுப்புச் சுவர் எழுப்புவது, அடுத்தது கோப்பு பீரோக்களை அடுக்குவது. ஆள் கூடி எழுந்து கலையும் இடத்தில் நிரந்தரப் பாரம் ஏறுகிறது. காகிதம் நிறைந்த இரும்பு பீரோ ஒன்று 200 கிலோவைத் தாண்டும். மரக்கட்டைகள் தாங்கும் மாடித்தளமாக இருந்தால் பீரோக்களைச் சுவரை ஒட்டி, கட்டைகளின் முனைப்பக்கம் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் கட்டை தொய்ந்து, கீழே கூரைப்பூச்சு வெடிக்கும்.

அக்காலச் சென்னைக் கட்டடங்களின் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற முறையில் அமைந்தது. சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில், விளிம்பு கீழாக, கட்டைகளுக்குக் குறுக்குச் சாய்வாக அடுக்குவார்கள். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, அடிகட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு (தட்டையான ஓடு) பதிப்பார்கள். இது ஒழுகினால் காரணம் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும்: தட்டோட்டின் இணைப்பு விட்டிருக்கும், மழைநீர்க் குழாய் அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவரடியில் அரசங்கன்று வேரூன்றியிருக்கும். கன்றை வெட்டினால் போதாது. வேரைத் தோண்டி எடுத்து, பள்ளத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் கூடுதல் பாரம். போதாததற்கு, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனையை உளுத்துப்போகச் செய்யும். கீழிருந்து பார்த்தால் தேக்கு திடமாகத்தான் தெரியும். முனையில் சுத்தியலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

சுவர் விஷயமும் அதேதான். கடற்காற்றில் உப்பு உண்டு. மழையோடு அது செங்கல்லுக்குள் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உப்பு மேற்பரப்பில் பூத்து உதிரும், பூச்சும் காலப்போக்கில் கொஞ்சம் உதிரும். உதிர வேண்டியது பூச்சுதான், செங்கல் அல்ல. சிமெண்ட் பூசினால் உப்பு பின்னாலேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும்; பிறகு பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்.

சரியான முறை மெதுவானது. பழைய சிமெண்டைச் சிற்றுளியால் எடுக்க வேண்டும். டிரில் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். காகிதக்கூழை உப்பில்லாத நீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தால் உப்பு கூழோடு வரும். மூன்று நான்கு முறையாவது செய்ய வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு இரண்டு வாரமாவது தொட்டியில் ஊற வேண்டும். முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு ஆற்றுமணல், அரை அங்குல கனம். அது இறுகிய பிறகே அடுத்தது. ஒரு மாதக் கெடுவோடு டெண்டர் விட்டால், எந்த ஒப்பந்தக்காரரும் சீக்கிரம் இறுக வேண்டும் என்று சிமெண்டைக் கலக்கத்தான் செய்வார். ஆகவே கெடுவை மழைக்குப் பின், ஜனவரியிலிருந்து மே வரை என்று வைப்பதே உத்தமம். செப்டம்பரில் செய்ய வேண்டியது மொட்டைமாடியைக் கூட்டி, குழாய்களில் வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது மட்டும்தான்.

மரபுக் கட்டடப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மயிலாப்பூர், சென்னை