கிளாசிக்கல் பியானோ கற்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கிரேடு தேர்வுக்காக பாக்கும் மோட்சார்ட்டும் வாசித்துக்கொண்டே ஜாஸும் பழகினால் கை கெட்டுப்போய்விடுமா என்று கேட்டிருந்தாய். கெடாது. ஆனால் என் பேச்சை நம்பாதே, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஆர்ட் டேட்டமின் 'பியானோ ஸ்டார்ட்ஸ் ஹியர்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

கொலம்பியா நிறுவனம் அதை 1968இல் வெளியிட்டது. டேட்டம் 1956இலேயே இறந்துவிட்டார். மொத்தம் 13 பாடல்கள். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பியானோ மட்டும்தான். முதல் நான்கும் 1933 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவானவை. அப்போது அவருக்கு வயது 23. மற்ற ஒன்பதும் 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் ஆடிட்டோரியத்தில் ரசிகர்கள் முன்னால் வாசித்தவை.

இன்று உனக்கு இருக்கிற அதே தயக்கம் அவரைச் சுற்றியும் இருந்தது. ஒஹாயோவின் டொலிடோ ஊரில் 1909இல் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லை, இன்னொன்றில் மங்கலாகக் கொஞ்சம். தானாக வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருள்களான பியானோ ரோல்களையும் வானொலியையும் காதால் கேட்டே நிறையக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஓவர்டன் ரெய்னி என்ற ஆசிரியரிடம் முறையாகப் படித்தார். ரெய்னி முழுக்க கிளாசிக்கல் மரபில் வந்தவர். மாணவர்கள் ஜாஸ் வாசிப்பதை அவர் ஊக்குவிக்கவில்லை. அந்தப் பயிற்சி பெற்ற கைதான் பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், இடது கை தாவித் தாவி வாசிக்கும் 'ஸ்ட்ரைடு' பாணியின் பியானோ ஜாம்பவான்களான ஃபேட்ஸ் வாலரையும் ஜேம்ஸ் பி. ஜான்சனையும் அசர வைத்தது.

உனக்காக முதலில் சொல்ல வேண்டியது 'ஹ்யூமரெஸ்க்'. செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக் 1894இல் எழுதிய எட்டுத் துண்டுகளில் ஏழாவது. உனக்குத் தெரிந்த மெட்டுதான், தத்தித் தத்தி நடக்குமே, அது. டேட்டம் அதை மரியாதையோடுதான் தொடங்குகிறார். தாளத்தை இழுத்தும் விட்டும், வரவேற்பறையில் வாசிப்பவர்போல. அங்கங்கே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மட்டும் டிவோர்ஷாக் எழுதாத நிறத்தில் வந்து போகும். கொஞ்ச நேரத்தில் இடது கை ஸ்ட்ரைடுக்கு மாறும்: தாளத்தின் ஒன்றாம், மூன்றாம் தட்டில் கீழே தாழ்ந்த பேஸ் ஸ்வரம், இரண்டாம், நான்காம் தட்டில் நடுவில் கார்டு. அந்தக் கணத்திலிருந்து பாட்டு ஜாஸுக்கே உரிய துள்ளல் தாளமான ஸ்விங் ஆகிவிடுகிறது. ஆனால் மெட்டு எங்கேயும் தொலைவதில்லை. வலது கை எவ்வளவு தூரம் ஓடினாலும் டிவோர்ஷாக்கின் வரி உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். இதைக் கிண்டல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த மெட்டின் மேல் பாசம் இல்லாதவரால் இப்படி வாசிக்க முடியாது.

அடுத்து 'டீ ஃபார் டூ'. கார்டுகள் திடீரென்று அரை ஸ்வரம் பக்கவாட்டில் நழுவும். தவறி விழப்போகிறார் என்று நினைக்கும்போது சரியான இடத்தில் வந்து நிற்பார். நீ ஹார்மனி பாடத்தில் மாடுலேஷன் என்று படிக்கிறாயே, பாட்டு ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, அதை இவர் இரண்டு தட்டுக்குள் போய்த் திரும்பி முடித்துவிடுகிறார். 'டைகர் ராக்' தொடங்கும்போதும் கவனி. அந்தப் புயல் கிளம்புவதற்கு முன் சில நொடிகள் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் சாயலில் ஒரு முன்னுரை உண்டு. அப்புறம் வரும் வேகத்தைக் கேட்டுத்தான் பின்னாளில் பெரிய ஜாஸ் பியானோ கலைஞரான ஆஸ்கர் பீட்டர்சன், சிறுவனாக இருந்தபோது, வாசிப்பது இரண்டு பேர் என்று நினைத்தாராம். ஒருவர்தான் என்று தெரிந்ததும் கொஞ்ச நாள் பியானோ பக்கமே போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இவர் மேல் ஒரு புகாரும் உண்டு. அலங்காரம் அதிகம், பிறர் பாட்டுகளையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்று பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே ஓதேர் 1950களில் எழுதினார். பியானோ கலைஞர் பில்லி டெய்லர் அதற்குப் பதில் எழுதினார். நான் டெய்லர் பக்கம். இந்த ஆல்பத்தில் 'ஐ நோ தட் யூ நோ' வேகத்துக்காகவே வாசித்த வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். 'கெரி டான்ஸ்' ஒரு சின்னத் துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் 'வில்லோ வீப் ஃபார் மீ' கேள். அலங்காரம் என்று ஒதுக்குகிற ஓட்டங்கள் அங்கே பாடகர் ஒரு வரி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில்தான் வருகின்றன. வரியின் மேல் அவை விழுவதே அபூர்வம். நடுக் குரல்களில், அதாவது இரண்டு கட்டைவிரல்களும் உலவும் அந்தப் பகுதியில், கார்டுகள் நகரும் விதத்தைத் தனியாகக் கேட்டுப் பார். ப்ளூஸின் கசப்பும் பாக் பல மெட்டு வரிகளை ஒன்றாக நடத்திச் செல்லும் ஒழுங்கும் ஒரே கையில் இருக்கின்றன. என் கணக்கில் ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

1949 பதிவில் இரைச்சல் உண்டு. கம்ப்யூட்டர் மூலம் அவர் வாசிப்பைப் பியானோவில் திரும்ப ஒலிக்க வைத்து 2008இல் ஒரு தெளிவான பதிப்பும் வந்தது. நீ பழையதிலேயே தொடங்கு. அவர் விரல் பட்ட பியானோவின் ஒலி அதில்தான் இருக்கிறது.

அவர் வாசிக்கும் படத்துண்டுகள் சிலவும் கிடைக்கின்றன. விரல்கள் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுபோல வளைந்திருக்காது, கிட்டத்தட்ட நீட்டியபடியே இருக்கும். அதை மட்டும் இப்போது பின்பற்றாதே. உன் கை இன்னும் வளர்கிற கை.

தேர்வுப் பாடத்தை விடவும் வேண்டாம். பாக் இன்வென்ஷனில் இடது கைக்குத் தனி வரி வாசிக்கிறாய் அல்லவா, டேட்டமின் இடது கை செய்வதைக் காதால் பின்தொடர உனக்கு அதுவே உதவும். வாரக் கடைசியில் 'ஹ்யூமரெஸ்க்' புத்தகத்தை எடுத்து முதல் எட்டு பார்களை (தாளச் சுற்றுகளை) எழுதியபடியே வாசி. பிறகு அதே எட்டு பார்களுக்கு இடது கையில் ஸ்ட்ரைடு போட்டுப் பார், மெதுவாக, மெட்ரோனோம் 60இல். பேஸிலிருந்து கார்டுக்குத் தாவும்போது மணிக்கட்டு இறுகினால் உடனே நிறுத்து. எந்த பாரில் தடுமாறுகிறது என்று எனக்கு எழுது, அடுத்த கடிதத்தில் அங்கிருந்தே பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்