பிக்அப்பில் ரெயில் பூட்டுவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் நெருங்கிவிட்டால் செந்தூலிலிருந்தும் கெப்போங்கிலிருந்தும் பத்துமலைக்குக் காவடிச் சட்டங்களையும் ஜெனரேட்டர்களையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் பிக்அப்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மற்ற நாள்களிலும் செலாயாங் மொத்தச் சந்தையின் காய்கறிக் கூடைகள், கல்யாண மண்டபங்களுக்குப் போகும் நாற்காலி அடுக்குகள், பந்தல் குழாய்கள் என நம்மவர்களின் சிறுதொழில்கள் பல இந்த வண்டிகளை நம்பியே நடக்கின்றன. சரக்கைக் கட்டுவதற்கு வசதியாகப் பிக்அப்பின் சரக்குத் தளத்தின் உட்புறச் சுவர்களில் நகரும் கொக்கிகளைக் கொண்ட நீளமான அலுமினியச் சட்டங்களை, அதாவது ரெயில்களை, பூட்டிக்கொள்வது இப்போது பரவிவருகிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் அவற்றைப் பூட்டும் முறையில் பல இடங்களில் காட்டப்படும் அலட்சியம் உயிருக்கே ஆபத்தானது என்பதால் இதை எழுதுகிறேன்.

பந்தல் வாடகைத் தொழிலில் இருக்கும் என் தம்பி, பாகங்கள் விற்கும் ஒரு கடையிலேயே தமது வண்டிக்கு ரெயில் பூட்டிக்கொண்டார். காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் முன்னால் சென்ற கார் திடீரென நின்றதால் அவர் பிரேக்கை அழுத்தியபோது, பட்டையால் இழுத்துக் கட்டியிருந்த ஜெனரேட்டர் ரெயிலையும் பிடுங்கிக்கொண்டு முன்னால் வந்து மோதியது. எவருக்கும் காயமில்லை. வண்டியை நான் பார்த்தபோது பட்டையும் அறுந்திருக்கவில்லை, ரெயிலும் வளைந்திருக்கவில்லை. சுவரின் தகட்டில் திருகு இருந்த துளைகள் மட்டும் நீளவாக்கில் கிழிந்திருந்தன. கழன்று விழுந்த திருகுகளின் புரிகளுக்கிடையே வெள்ளைப் பெயிண்ட் சுருள்சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டுக்குப் பின்னால் நட்டோ வாஷரோ எதுவும் இல்லை. மெல்லிய தகட்டில் தானே துளையிட்டு இறங்கும் சாதாரணத் திருகுகளை வைத்தே முழு ரெயிலையும் நிறுத்தியிருந்தார்கள்.

சரக்கு எவ்வளவு விசையோடு இழுக்கும் என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை. சாலையில் செல்லும் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தர விதி, முன்பக்கமாகச் சரக்கு எடையின் 80 விழுக்காட்டையும் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 50 விழுக்காட்டையும் தாங்குமாறு கட்ட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் 150 கிலோ எடையுள்ள ஒரு ஜெனரேட்டர் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது 120 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். வளைவில் 75 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளும். இது பட்டை வழியாகக் கொக்கிக்கும், கொக்கி வழியாக ரெயிலுக்கும், ரெயில் வழியாக ஒன்றிரண்டு திருகுகளுக்கும் போய்ச் சேருகிறது. பட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் பாதுகாப்பான சுமை அளவைப் பார்த்து வாங்கும் நாம், தகட்டின் வலுவைப் பற்றிக் கேட்பதே இல்லை.

முறையாகப் பூட்டுவது கடினமான வேலை அன்று. பொறுமை வேண்டிய வேலை. தொழிற்சாலையிலேயே இட்ட போல்ட் துளைகள் தளத்தில் இருந்தால் முதலில் அவற்றைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் அங்கே தகட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் வலுவூட்டல் இருக்கும். புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், போல்ட் தகட்டின் மறுபுறம் வரை சென்று, அங்கே கையகல இரும்புத் தகடு ஒன்றையும் தளராத நைலான் நட்டையும் கொண்டு இறுக்கப்பட வேண்டும். விசை ஒரே புள்ளியில் விழாமல் பரவுவதற்கு அந்தத் தகடே காரணம். கை நுழைய முடியாத இடத்தில், ஒரு பக்கத்திலிருந்தே தகட்டில் பொருத்தக்கூடிய புரியுள்ள ரிவெட் நட் போடுவார்கள்; லேசான சாமான்களுக்கு அது போதும், ஜெனரேட்டர் போன்ற பாரங்களுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. புரியே இல்லாமல் இழுத்து விரியவைக்கும் சிறு ஆணியான பாப் ரிவெட்டை எதற்கும் ஏற்கவே வேண்டாம். தளத்தின் தரையில் ரெயில் பதிக்கும்போது அடியில் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்களோடு சேர்த்துப் பூட்டுவதே சிறந்தது.

துளையிடும் முன் தகட்டின் மறுபுறத்தைக் குனிந்து பார்ப்பது மிக அவசியம். எரிபொருள் நிரப்பும் குழாய் பக்கச் சுவருக்குள் செல்கிறது, பின்விளக்கின் வயர்கள் ஓடுகின்றன, எரிபொருள் தொட்டி சில வண்டிகளில் தளத்துக்கு அடியிலேயே இருக்கிறது. டிரில் முனை ஒரு விரற்கடை அதிகமாக இறங்கினாலும் விளைவு பெரிதாகிவிடும்.

தளத்தின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் உறையான லைனரின் மேலேயே ரெயிலை வைத்து இறுக்கிவிடுவதையும் அடிக்கடி காண்கிறேன். பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கும். அமுங்கினால் போல்ட் தளரும். லைனரை அந்த இடத்தில் வெட்டியெடுத்து, ரெயில் நேராகத் தகட்டில் அமருமாறு செய்ய வேண்டும். துளையின் வெட்டு விளிம்பில் துரு தடுப்புப் பெயிண்டைப் பூசாமல் விட்டால், நம் ஊர் மழையில் லைனருக்கு அடியில் தேங்கும் நீர் மெல்ல மெல்லத் தகட்டைத் தின்றுவிடும். பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் கடற்கரையை ஒட்டி வண்டி ஓட்டுவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே உப்புக்காற்று படும் அலுமினிய ரெயிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் நேரடியாக ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். இடையில் நைலான் வாஷர் போடுவதால் அது பெருமளவு தடுக்கப்படும்.

ரெயில் உறுதியாக இருந்தாலும் பட்டையைக் கட்டும் கோணம் தவறினால் பயன் குறைந்துவிடும். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை தரையோடு 30 பாகைக் கோணத்தில் படுத்திருந்தால், நாம் இழுத்து இறுக்கும் விசையில் பாதிதான் சரக்கைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே தாழ்வான, பாரமான பொருள்களுக்குச் சுவர் ரெயிலைவிடத் தரை ரெயிலோ தளத்தின் மூலைக் கொக்கிகளோதாம் பொருத்தமானவை. பின்கதவில் எதையும் கட்டவே கூடாது. அது அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதன்று.

வாகனப் பட்டறை நடத்தும் நம் சகோதரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ரெயிலைப் பூட்டித் தரும்போது, பின்புறத் தகடு எங்கெங்கே வைக்கப்பட்டது, எந்த அளவு போல்ட் பயன்படுத்தப்பட்டது, ஒரு கொக்கியில் எத்தனை கிலோ வரை கட்டலாம் என்பதைப் பில்லிலேயே தமிழிலோ மலாயிலோ எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். சில ரிங்கிட் அதிகம் என்பதற்காகப் பின்புறத் தகட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பிக்அப் விற்கும் நிறுவனங்கள், ரெயில் சேர்த்தே விற்கும் வண்டிகளில் அந்தச் சுமை அளவை ரெயிலின் மேலேயே ஒட்டித் தந்தால், கையேட்டைத் திறந்தே பார்க்காத ஓட்டுநர்களுக்கும் அது கண்ணில் படும்.

தைப்பூச ஏற்பாடுகளுக்காக வண்டிகளைத் தயார்ப்படுத்தும் ஆலயக் குழுக்களும் இளைஞர் மன்றங்களும், பயணத்துக்கு முதல்நாள் ஒருவரை வண்டியின் அடியில் படுக்கச் சொல்லி, ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் சோதித்துவிடுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்