அலுவலகப் பிரெஞ்சும் ஒரு 'ர'வும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு தெரிந்தால் பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களில் நல்ல வேலை கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் பலர் வார இறுதி வகுப்புகளுக்குப் போகிறார்கள். எதிர்காலப் பாடம் வந்ததும் ஆறு விகுதிகளையும் உருப்போட வைக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் போனில் பேசுபவருக்கு முதலில் வேண்டியது அவற்றில் ஒன்றுதான்: 'வூ' (நீங்கள்) என்பதற்குரிய 'ஏ'. மற்ற ஐந்தும் காத்திருக்கலாம்.

அந்த 'ஏ' நிகழ்காலத்திலும் வரும் என்பதுதான் சிக்கல். தமிழில் வருகிறீர்கள், வருவீர்கள் இரண்டையும் இடைநிலை பிரித்துக் காட்டுகிறதல்லவா? பிரெஞ்சில் அந்த வேலையைச் செய்வது 'ர'. 'வூ பூவே' என்றால் இப்போது முடியும். 'வூ பூரே' என்றால் பிறகு முடியும். எழுத்தில் இரண்டு 'ர' இருந்தாலும் ஒலி ஒன்றுதான். நம் 'ற' போல அழுத்தாமல் தொண்டையிலிருந்து வர வேண்டும். ஸெரே (இருப்பீர்கள்), ஓரே (உங்களிடம் இருக்கும்), ஃபெரே (செய்வீர்கள்), அன்வெரே (அனுப்புவீர்கள்) ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் அன்றாட அலுவல் பெரும்பாலும் ஓடிவிடும்.

கேள்வி கேட்கத் தமிழில் கடைசியில் ஒட்டும் 'ஆ'வுக்குப் பதில் பிரெஞ்சில் முன்னால் 'எஸ்-கெ' போட்டால் போதும். 'எஸ்-கெ வூ ஸெரே ஓ ப்யூரோ லன்தி?' திங்களன்று ஆபீஸில் இருப்பீர்களா? வினையை முன்னுக்குத் தள்ளி 'ஸெரே-வூ' என்று கேட்பதை மின்னஞ்சலுக்கு வைத்துக்கொள்ளலாம். 'அனுப்ப முடியுமா' என்று பணிவாக வேண்டும்போது மட்டும் 'பூரியே-வூ'. அங்கே 'பூரே-வூ' என்றால் தோதுப்படுமா என்று விசாரிப்பது போலத்தான் கேட்கும்.

வினையைவிட நம்மவர்கள் அதிகம் சறுக்குவது காலச் சொற்களில். 'இரண்டு மணி நேரத்தில் அனுப்புவீர்களா' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். இரண்டு மணி கழித்து என்றால் பிரெஞ்சில் 'தான்'; வேலையே இரண்டு மணி பிடிக்கும் என்றால் 'ஆன்'. போனில் ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். 'வெள்ளிக்குள்' என்பதை ஆங்கில 'பை' (by) பழக்கத்தில் 'பார்' போட்டுக் கேட்கிறார்கள். 'தீஸி' என்று சொல்ல வேண்டும். 'ஜ்யூஸ்கா' போட்டால் வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்வதாகிவிடும்! 'கோப்பு கிடைத்ததும்' என்பதற்கு ஆங்கிலத்தில் நிகழ்காலம் வரும். பிரெஞ்சில் 'கான்' என்று தொடங்கி அங்கும் எதிர்காலமே வேண்டும்.

எத்தனை மணிக்கு என்று கேட்கும்போது யாருடைய மணி என்பதையும் கேட்டுவிட வேண்டும். பிரான்ஸ் நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அடுத்த திங்கள்கிழமைக் கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர்கள் அதை வெள்ளியன்றே கேட்டுவைப்பது நல்லது.

— பிரெஞ்சு கற்பிக்கும் வாசகர், ஜெயநகர், பெங்களூரு