குடியாத்தம் அக்காவுக்கு நன்றி

எங்கள் ஆச்சி போன வாரம் 88 வயதில் காலமானார். வேலூரில் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய நர்சிங் பள்ளியின் வழிவந்த கல்லூரியில் படித்தவர். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போட்ட, வீடு வீடாகப் போய்ப் பெரியம்மைத் தடுப்பூசி குத்திய தலைமுறை. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வீடுதான் அவருக்கு வார்டு. பேரன் பேத்தி எல்லோருக்கும் தினமும் நகச் சோதனை உண்டு. அப்பாவுக்கும்தான்!

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துப் படுக்கை அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த அக்கா, இது உங்களுக்கு. ராத்திரி நாங்கள் அசந்து தூங்கினாலும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆச்சியைப் புரட்டிப் படுக்கவைத்தீர்கள். பெட்ஷீட் மூலையைச் சரியாக மடிக்கவில்லை என்று அவர் அதட்டியபோது, "சரிங்க சிஸ்டர்" என்று சிரித்தீர்களே! அவரை யாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு முழுக்க ஆச்சிக்கு ஒரே பெருமை. மாத்திரைகூட அடம்பிடிக்காமல் போட்டுக்கொண்டார்.

நீங்கள் முதலில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டீர்கள், பேர்கூடக் கேட்கவில்லை. குடியாத்தம் பக்கம் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அப்புறம், உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்களிடம்தான் இருக்கிறது.